பத்து டாலர் பெட்டி

அன்புள்ள எதிர்வீட்டுத் தம்பிக்கு,

போன சனிக்கிழமை உன் அம்மா கராஜ் சேல் போட்டிருந்தார். பழைய சைக்கிள், துணி கிழிந்த சோபா, நடுவில் உன் கறுப்புப் பெட்டி. பத்து டாலர். கைப்பிடியில் விமானச் சீட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும், இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லாமல் விழுங்கியது தொண்டைக்கு வந்துவிட்டது. உனக்குப் புரியாது என்ற தைரியத்தில் தமிழில் எழுதுகிறேன். ஒருநாள் நானே படித்துச் சொல்கிறேன்.

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. நீ மணிலாவிலிருந்து சால்ட் லேக் சிட்டியில் வந்திறங்கினாய். அதே நாளிலிருந்துதான் இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஏப்ரல் முதல் வாரம் மதுரைக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். அதுவும் போயிற்று.

இதைப் படிக்கும் நம்மவர்களுக்காக ஒரு வார்த்தை. நாம் இருக்கும் யூட்டா மாநிலத்தில், மார்மன் என்ற கிறிஸ்தவச் சபைக் குடும்பங்களில் (அப்படிச் சொல்வது உங்கள் சபைக்கு இப்போது பிடிப்பதில்லை, ஆனால் எங்கள் வாயில் வருவது அதுதான்) பையன்கள் இரண்டு வருஷமும் பெண்கள் ஒன்றரை வருஷமும் மதம் பரப்பும் ஊழியத்துக்குப் போவார்கள். சம்பளம் கிடையாது. எந்த ஊர் என்பதைச் சபைத் தலைமையகம்தான் முடிவு செய்யும். பையன்களுக்கு அப்போது வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டை, எங்கே போனாலும் ஜோடியாக. கொரோனா வந்தபோது உலகம் முழுக்க இப்படிச் சுமார் 67,000 பேர் இருந்தார்கள். வெளிநாட்டில் இருந்தவர்களில் பெரும்பகுதியை ஒரே மூச்சில் சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

ஊரும் அப்போது நிலையாக இல்லை. நாலு நாள் முன்புதான் 5.7 அளவில் நிலநடுக்கம். உங்கள் சபைக் கோயில் உச்சியில் நின்ற தேவதூதன் சிலையின் கையிலிருந்த எக்காளம் கழன்று விழுந்தது. நம் தெருவில் கொரோனாவைவிட அதைத்தான் அதிகம் பேசினார்கள்.

அன்று மாலை டிவியில் ஏர்போர்ட் கார் நிறுத்துமிடத்தைக் காட்டினார்கள். நெருங்கின வீட்டார் மட்டும் வரலாம், காரைவிட்டு இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அங்கேயோ பலூனும் பதாகையுமாகத் திருவிழாக் கூட்டம். அதிகாரிகள் கண்டித்தார்கள், ஊரே திட்டியது. நானும் திட்டினேன். "பிள்ளை வந்திருக்கான், கட்டிப்பிடிக்காம எப்படி இருப்பாங்க?" என்றார் என் கணவர். அவரோடும் சண்டை போட்டேன். தொற்று பரவும் என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது. ஆனால் அதற்கு அடியில் இருந்தது பொறாமை. என் வீட்டுக்குப் போகும் வழி அடைத்த அன்று உனக்கு மட்டும் வழி திறந்திருக்கிறதே என்று.

பதினாலு நாள் நீ பேஸ்மென்ட்டில் இருந்தாய். காலை ஆறரைக்கு உன் ஜன்னலில் விளக்கு எரியும். ஒருநாள் ரசமும் சாதமும் வாசலில் வைக்க வந்தபோது பார்த்தேன்: யாரும் வராத அறையில், வெள்ளைச் சட்டையும் டையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

தனிமை முடிந்து புல்தரையில் பத்தடி தள்ளி நின்று பேசினோம். "வீடு வந்து சேர்ந்தாயே, சந்தோஷம்தானே?" என்று கேட்டேன். "ம்" என்றாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய். பிலிப்பைன்ஸின் இலோய்லோவில் பதினாலு மாதம். அந்த ஊர் மொழியான ஹிலிகாய்னோனில் கனவு வரத் தொடங்கிய சமயம். ஒரு போன் வந்தது, பெட்டி கட்டச் சொன்னார்கள், சில மணி நேரத்தில் கிளம்பியாயிற்று. வியாழன்தோறும் நீங்கள் போய்ப் பார்க்கும் ஒரு தாத்தா இருந்தாராம். அவரிடம் போன் கிடையாது. "அந்த வியாழனும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்" என்றாய். அதற்கு மேல் நீ பேசவில்லை.

உங்கள் சபையில் ஊழியத்தைப் பாதியில் விட்டுத் திரும்பிய பையனைப் பற்றி மெதுவான குரலில்தான் பேசுவார்கள். இந்த முறை யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. அப்படியும் நீ கேட் வரைக்கும் வந்து தபால் எடுக்கக்கூட யோசித்தாய். இது எனக்குப் புரியவே மாதக்கணக்கானது. "சந்தோஷம்தானே" என்று கேட்டேனே, அதற்குத்தான் இந்தக் கடிதம். மன்னித்துக்கொள்.

மார்ச் கடைசியில் சபை இரண்டு வழி கொடுத்தது: நிலைமை இடம் கொடுத்தவுடன் மறுபடி போகலாம், இல்லை ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கழித்துப் போகலாம். நீ உடனே போகிறேன் என்றாய். அனுப்பியது ஒஹாயோவுக்கு. மிச்ச மாதங்களை ஆங்கிலத்திலேயே முடித்து வந்தாய்.

பெட்டியை நான் வாங்கிவிட்டேன். ஏன் என்று உன் அம்மாவுக்குப் புரியவில்லை, நானும் சொல்லவில்லை. பக்கவாட்டுப் பையில் காய்ந்த மாம்பழத் துண்டுகள் இருந்த காலி உறை ஒன்று, குய்மாராஸ் தீவு என்று போட்டிருந்தது. இலோய்லோவுக்கு எதிர்க்கரை என்று ஒருமுறை சொன்னாயே, அந்தத் தீவு. உறையை எடுத்து வைத்திருக்கிறேன். ஜனவரியில் இந்தப் பெட்டியோடுதான் மதுரைக்குப் போகிறேன். கைப்பிடியில் இருக்கும் சீட்டைக் கிழிக்கலாமா என்று மட்டும் சொல்.

அன்புடன்,
எதிர்வீட்டு அக்கா