பொருள்: பிஹேவியரல் இன்டர்வியூ (சொந்த அனுபவங்களைக் கேட்டு ஆளை எடைபோடும் நேர்காணல்) பயிற்சிக்குக் கட்டிய முழுத் தொகையையும் திருப்பித் தரக் கோருதல், உங்கள் ஊழியர் பேசிய விதம் குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் (நிறுவனங்கள் மூலதனம் திரட்டவும் பிற நிறுவனங்களை வாங்கவும் உதவும் வங்கித் தொழில்) வேலைக்கான உங்கள் பிரீமியம் பயிற்சித் தொகுப்பில் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிச் சேர்ந்தவன் நான். சாட்டில் கேட்டால் மெயில் அனுப்பச் சொல்கிறார்கள். மெயில் அனுப்பினால் ஒரு டிக்கெட் எண் வருகிறது, அதோடு சரி. அந்த எண்ணைச் சொல்லி போன் செய்தால், இது பயிற்சிப் பிரிவு, ரீஃபண்ட் பிரிவு வேறு என்கிறார்கள். ரீஃபண்ட் பிரிவோ பயிற்றுநரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பயிற்றுநர் போனை எடுப்பதே இல்லை. இனி யாரிடமும் பேச எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் நேராக உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கஸ்டமர் கேர் ஊழியரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நேரடி மாக் இன்டர்வியூவுக்கு, அதாவது ஒத்திகை நேர்காணலுக்கு, ஏன் வேறு ஆளை அனுப்பினீர்கள் என்று பொறுமையாகத்தான் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்: "சார், செலக்ட் ஆகாதவங்க எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க." நான் மேலே பேசுவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார். அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று ஒவ்வொரு முறையும் ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவைத் தயவுசெய்து நீங்களே கேளுங்கள்.

அந்த மாக் இன்டர்வியூவுக்காக இரவு முழுக்கப் பயணம் செய்து உங்கள் மையத்துக்கு வந்தேன். முன்னாள் இன்வெஸ்ட்மென்ட் பேங்கர் ஒருவர் அரை நாள் உட்கார்ந்து கேள்வி கேட்பார், குறுக்குக் கேள்வியும் கேட்பார் என்பது உங்கள் வாக்குறுதி. வந்தவரோ மென்பொருள் நிறுவனங்களுக்கு ஆள் எடுத்த அனுபவம் உள்ளவர். அதை அவரே சொன்னார். கையில் ஒரு தாள். ஐந்து ஆண்டுகளில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று வாசித்தார், நான் பதில் சொன்னேன், "நல்லா இருக்கு, அடுத்தது" என்றார். நிறுவனங்களை வாங்குவதையும் இணைப்பதையும் கவனிக்கும் எம் அண்ட் ஏ பிரிவுக்கும், பங்கு, கடன் பத்திரம் வழியாகப் பணம் திரட்டித் தரும் கேபிடல் மார்க்கெட்ஸ் பிரிவுக்கும் என்ன வேறுபாடு, அவற்றில் ஒன்றை ஏன் விரும்புகிறேன் என்று நான் சொல்லத் தொடங்கியதும், அது டெக்னிக்கல் விஷயம், அதற்குத் தனித் தொகுப்பு இருக்கிறது என்று நிறுத்திவிட்டார். எந்தப் பிரிவை ஏன் விரும்புகிறாய் என்பது டெக்னிக்கல் கேள்வியா? 'ஏன் பேங்கிங், ஏன் இந்த வங்கி, ஏன் இந்தப் பிரிவு' என்பவைதானே, ஆள் அந்த வேலைக்குப் பொருந்துவாரா என்று பார்க்கும் ஃபிட் ரவுண்டின் அடிப்படைக் கேள்விகள்! ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வந்த வழியே திரும்பினேன்.

உங்கள் பொருள் உங்களுக்கே தெரியும், நான் விளக்கத் தேவையில்லை. பிஹேவியரல் கேள்விக்கு ஸ்டார் முறையில் பதில் சொல்லச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்: சூழல், பணி, செயல், விளைவு. அது ஊரறிந்த முறை, அதற்கு யாரும் உங்களிடம் பணம் கட்ட வேண்டியதில்லை. நான் பணம் கட்டியது அதற்கு அடுத்த கட்டத்துக்கு. பதில் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் பிறகுதான் உண்மையான இன்டர்வியூவே தொடங்குகிறது. "குழு செய்தது சரி, நீங்கள் என்ன செய்தீர்கள்?", "அவர் ஏன் உடன்படவில்லை?", "இப்போது செய்தால் எதை மாற்றுவீர்கள்?" என்று தோண்டுவார்கள். அங்கே நிற்பதற்குச் சொந்தக் கதை வேண்டும், அதை யாராவது முன்கூட்டியே தோண்டிப் பார்த்திருக்கவும் வேண்டும். உங்கள் விளம்பரத்திலேயே 'குறுக்குக் கேள்விப் பயிற்சி' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். எனக்கு ஒரு குறுக்குக் கேள்விகூட வரவில்லை.

அதற்குப் பதில் வந்தது மாதிரி விடைகளின் கோப்பு. 'ஏன் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்' என்பதற்கான அந்தப் பத்தியை ஒரு வார்த்தை மாறாமல் மனப்பாடம் செய்யச் சொன்னார் உங்கள் பயிற்றுநர். என் சொந்தக் காரணத்தை எழுதி அனுப்பினேன், சிவப்பில் அடித்துத் திருப்பி அனுப்பினார். சூப்பர்டே அன்று, அதாவது ஒரே நாளில் பலர் அடுத்தடுத்துப் பார்க்கும் இறுதிச் சுற்றன்று, என்ன நடந்தது தெரியுமா? எதிரே இருந்த வைஸ் பிரசிடென்ட் என்னைப் பாதியில் நிறுத்தி, "இதே வாக்கியத்தை இன்று காலை இன்னொருவரும் சொன்னார்" என்றார். அதன் பிறகு அந்த அறையில் நான் சொன்ன எதையும் அவர் குறித்துக்கொள்ளவில்லை. ஒரே கேள்வித்தாளுக்கு ஒரே விடையை விற்றிருக்கிறீர்கள், அதுவும் ஒரே நாளில் ஒரே இடத்துக்குப் போகிறவர்களுக்கு. என் எதிர்காலத்தையே நீங்கள் அழித்துவிட்டீர்கள் என்று நான் சொல்வதில் எந்த மிகையும் இல்லை. அந்த வாய்ப்பு இனி எனக்கு வராது.

இன்னொன்று. ஒரே ஒரு வலுவான கதை போதும், எல்லாக் கேள்விக்கும் அதையே திருப்பிச் சொல்லுங்கள் என்பதும் உங்கள் பயிற்றுநரின் அறிவுரைதான். சூப்பர்டேயில் அனலிஸ்ட், அசோசியேட், வைஸ் பிரசிடென்ட் என்று ஒருவர் பின் ஒருவராகப் பார்க்கிறார்கள், முடிந்ததும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள். எல்லோரிடமும் ஒரே கதையைச் சொன்னவனைப் பற்றி அங்கே என்ன பேசுவார்கள்? தலைமை, மோதல், தோல்வி, நெருக்கடி, நேர்மை என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அனுபவம் கைவசம் இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் யாருக்கும் தெரியும். நெருக்கடி பற்றிய கேள்விக்கு உங்கள் கோப்பில் இருப்பது கல்லூரித் தேர்வுக்கு விழித்திருந்து படித்த கதை. இளநிலை பேங்கர்களின் வேலை நேரத்துக்கு ஜேபி மோர்கன் வங்கி 2024இல் வரம்பு கொண்டுவந்தபோது, அந்த வரம்பே வாரம் 80 மணி நேரம். அப்படிப்பட்ட வேலைக்கு ஆள் எடுப்பவரிடம் தேர்வுக் கதையைச் சொல்லச் சொல்கிறீர்கள். தோல்விக் கேள்விக்கு 'நான் ரொம்பவே பெர்ஃபெக்ஷனிஸ்ட்' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

ஆனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இன்டர்ன்ஷிப்பில் நான் உதவிய ஒரு டீல் இன்னும் அறிவிக்கப்படவில்லை. கிளையன்ட் பெயரைச் சொல்லாமல் துறையையும் என் பங்கையும் மட்டும் எழுதியிருந்தேன். உங்கள் பயிற்றுநர் "பெயரையும் தொகையையும் சேருங்கள், அப்போதுதான் எடுபடும்" என்று ஓரத்தில் குறிப்பெழுதி அனுப்பினார். அந்தக் கோப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ரகசியத்தைக் காப்பாற்றுவானா என்று பார்ப்பதும் அந்த இன்டர்வியூவின் நோக்கம். வெளிவராத தகவலை அங்கே உளறுபவனை அடுத்த நிமிடமே நிராகரிப்பார்கள், சட்டச் சிக்கலும் வரலாம். நான் சேர்க்கவில்லை. தெரியாத எத்தனை பிள்ளைகள் சேர்த்திருப்பார்கள்?

காணொளிப் பயிற்சிக் கருவி பற்றியும் எழுத வேண்டும். கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி 2016இலேயே கல்லூரி வளாக முதல் சுற்றைப் பதிவுசெய்த காணொளிக்கு மாற்றிவிட்டது. ஆகவே அந்தப் பயிற்சி அவசியம் என்று நம்பித்தான் உங்கள் பெரிய தொகுப்பை எடுத்தேன். யோசிக்கும் நேரம் முடிவதற்கு முன்பே உங்கள் கருவி பதிவைத் தொடங்கிவிடுகிறது, பதிந்தவை மறுநாள் காணாமல் போகின்றன. அதுபோக 'முகபாவ மதிப்பெண்' என்று ஒன்றைக் காட்டி, சிரிப்பு போதவில்லை என்று என்னைத் திருத்தியது. இந்தக் காணொளி நேர்காணலுக்குப் பேர்போன ஹயர்வியூ நிறுவனமே முகத்தை வைத்து மதிப்பிடுவதைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்துவிட்டது. நீங்கள் அதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறீர்கள்.

சண்டை போடுவது என் நோக்கமல்ல. உங்கள் ரெஸ்யூமே பிரிவில் இருந்த ஒரு அம்மையார் உண்மையிலேயே அக்கறையோடு உதவினார், அவருக்கு என் நன்றி. நல்லவர்களும் அங்கே இருக்கிறார்கள் என்பதால்தான் முதலில் உங்களிடம் வருகிறேன்.

கட்டிய தொகை முழுவதும் திரும்ப வேண்டும். 'பயன்படுத்திய பகுதியைக் கழித்துக்கொண்டு' என்ற பேச்சு வேண்டாம், நீங்கள் விற்ற பயிற்சி எனக்குக் கிடைக்கவே இல்லை. அந்த மாதிரி விடைக் கோப்பை விற்பதை நிறுத்துங்கள். கிளையன்ட் பெயரைச் சொல்லச் சொன்ன அறிவுரை தவறு என்று உங்களிடம் படித்த அத்தனை பேருக்கும் மெயில் அனுப்புங்கள். தொலைபேசியில் என்னை இழிவுபடுத்திய ஊழியருக்காக நிறுவனத்தின் பெயரில் எழுத்து வடிவில் மன்னிப்பு வேண்டும். "செலக்ட் ஆகாதவங்க" என்ற அந்தச் சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கப் போவதுமில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். கட்டண ரசீது, விளம்பரப் பக்கத்தின் படங்கள், பயிற்றுநரின் கைக்குறிப்பு உள்ள கோப்பு, எல்லா டிக்கெட் எண்களும் தயாராக இருக்கின்றன. பணம் கட்டிய வங்கி அட்டை வழியாகவும் தொகையை எதிர்த்து முறையிடுவேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பதிலை மெயிலில் மட்டும் அனுப்புங்கள். தயவுசெய்து உங்கள் கஸ்டமர் கேர் எண்ணிலிருந்து யாரும் எனக்குப் போன் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பிரீமியம் தொகுப்பு வாடிக்கையாளர்