எங்கள் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தார்க்கு ஒரு நன்றி மடல்

பேரன்புடையீர்,

வணக்கம். நெல்லைத் தாக்கும் பாக்டீரியா இலைக்கருகல் நோயை எதிர்க்கும் மரபணுக்களைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்துவிட்டேன். நெறியாளருக்கும் ஆய்வுக்குழு உறுப்பினர்களுக்கும் துறைத்தலைவருக்கும் அதன் முதற்பக்கங்களில் முறைப்படி நன்றி கூறியிருக்கிறேன். ஆனால் ஆய்வேட்டைத் திறந்து படிக்கப் போகிறவர்கள் மிகச் சிலர். நான் கடன்பட்டிருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தச் சிலரில் இல்லை. ஆகவே இதைத் தமிழில், எல்லாரும் படிக்கும்படி தனியே எழுதுகிறேன்.

முதல் நன்றி, கண்ணாடிக் கலன்களைக் கழுவித் தரும் அக்காவுக்கு. நெல் இலையைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பொடித்து, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, வேண்டிய ஒரு துண்டை மட்டும் பிசிஆர் கருவியில் கோடிக்கணக்கில் பெருக்கி, மின்சாரம் பாயும் ஜெல் பாளத்தின் குழிகளில் இட்டு ஓட்டி, டி.என்.ஏ. துண்டுகள் பட்டைகளாகத் தெரிகின்றனவா என்று பார்ப்பதே எங்கள் அன்றாட வேலை. ஒவ்வொரு முறையும் டி.என்.ஏ. சேர்க்காத கலவை ஒன்றையும் ஒரு குழியில் இட்டு ஓட்டுவோம். அந்த வரிசையில் எதுவும் தெரியக் கூடாது. மங்கலாக ஒரு பட்டை தெரிந்தால்கூட, நீரிலோ, நீர்மத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டின் முனையிலோ ஒட்டியிருந்த வேற்று டி.என்.ஏ.வும் சேர்ந்து பெருகிவிட்டது என்று பொருள். பிறகு மற்ற வரிசைகளில் தெரிவதையும் நம்ப இயலாது. உயரழுத்த நீராவியில் பொருள்களை அவிக்கும் ஆட்டோக்ளேவ் கருவி கிருமிகளைக் கொல்லுமே தவிர, சிதறிக் கிடக்கும் டி.என்.ஏ. துணுக்குகளை முற்றிலும் அழித்துவிடும் என்று சொல்வதற்கில்லை. கையுறை அணிந்து, புதுப் பையைப் பிரித்து, பிப்பெட் முனைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால், அக்கா கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். அடுக்கி முடித்து மூடிய பின்புதான் பதில் வரும். கருத்தரங்குகளில் பட்டை தெரிந்த வரிசைகளைப் பற்றியே எல்லாரும் என்னைக் கேட்டார்கள். வெறுமையாக இருந்த வரிசையைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. அந்த வெறுமை அக்காவின் உழைப்பு என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

ஆட்டோக்ளேவ் அறையைக் கவனித்துக்கொள்ளும் அண்ணனுக்கும் அதே அளவு நன்றி உரியது. 121 பாகை செல்சியஸில் 15 பவுண்டு அழுத்தத்தில் வளர்ப்பு ஊடகத்தைக் காய்ச்சுவது பாதி வேலைதான். நாங்கள் பயன்படுத்தி முடித்த தட்டுகளை மீண்டும் அவித்து, உயிருள்ள ஒரு பாக்டீரியாவும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது மறுபாதி. நோய்க் கிருமியை வளர்க்கும் ஆய்வகத்துக்குப் பக்கத்திலேயே வயல்கள் இருக்கும்போது இது சிறிய பொறுப்பன்று. பாக்டீரியாவை வளர்க்க அவர் ஊற்றித் தரும் அகார் தட்டுக்கே ஒரு கதை உண்டு. அகார் என்பது கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள். ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில், வளர்ப்பு ஊடகத்தைக் கெட்டியாக்கும் ஜெலட்டின் உருகிக் கெட்டுக்கொண்டிருந்தபோது, அதற்குப் பதிலாக அகாரைப் பயன்படுத்தலாம் என்று 1881இல் யோசனை சொன்னவர், அங்கே பணியாற்றிய வால்டர் ஹெசேயின் மனைவி ஃபான்னி ஹெசே. தம் சமையலறையில் பழக்கப்பட்ட பொருளை அவர் எடுத்துத் தந்தார். மறு ஆண்டு வெளிவந்த கோக்கின் புகழ்பெற்ற காசநோய்க் கட்டுரையில் அகார் இடம்பெற்றது. ஃபான்னியின் பெயர் இடம்பெறவில்லை. நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த வழக்கம் பெரிதாக மாறிவிடவில்லை என்பது என் எண்ணம்.

பசுமைக்குடிலைப் பார்த்துக்கொள்ளும் ஐயாவுக்கு நான் பட்ட கடன் வேறு வகையானது. பாக்டீரியாக் கரைசலில் தோய்த்த கத்தரிக்கோலால் இலை நுனியை வெட்டிவிட்டு, பதினான்கு நாள் கழித்துக் கருகலின் நீளத்தை அளப்போம். அந்த அளவுக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், எல்லாத் தொட்டிகளும் ஒரே வயதில், ஒரே ஈரத்தில், ஒரே ஊட்டத்தில் இருந்தாக வேண்டும். ஒரு முறை இலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றியதைக் கண்டு நாங்கள் எல்லாரும் பதறியபோது, "இது நோயில்லை தம்பி, துத்தநாகம் குறைஞ்சிருக்கு" என்று அமைதியாகச் சொன்னவர் அவர். மண் பரிசோதனை முடிவும் பிறகு அதையே சொன்னது. மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்த, இந்நோயை எதிர்க்கும் எக்ஸ்ஏ21 என்னும் மரபணு 1995இல் பிரித்தெடுக்கப்பட்டதையும், அதையும் வேறு இரு மரபணுக்களையும் ஏற்றிய மேம்பட்ட சம்பா மசூரி நெல் வகை 2008இல் ஐதராபாத்திலிருந்து வெளியானதையும் நான் அவருக்குச் சொன்னேன். நாற்றைப் பிடுங்காமல் வேரைப் பார்ப்பது எப்படி என்று அவர் எனக்குச் சொல்லித் தந்தார். இந்தக் கொடுக்கல் வாங்கலில் லாபம் எனக்கே.

பிசிஆருக்கு வேண்டிய நொதிகள் உலர்பனி நிரப்பிய தெர்மாகோல் பெட்டியில் வந்து சேரும். பனி தீர்ந்துவிட்டால் உள்ளே இருப்பது விலையுயர்ந்த வெறும் நீர்தான். சனிக்கிழமை மாலைகளில் பெட்டி வந்ததும் வீட்டுக்குப் புறப்பட்டவர் திரும்பி வந்து, அதை மைனஸ் இருபது குளிர்பெட்டியில் வைத்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொன்ன ஸ்டோர் பொறுப்பாளருக்கும், பொருள் கோரும் படிவத்தில் ஒரு கையொப்பம் விடுபட்டதற்காகக் கோப்பைத் திருப்பி அனுப்பாமல் தாமே நடந்து வந்து வாங்கிப் போன அலுவலகத்து அம்மாவுக்கும் நன்றி. புயல் மழையில் மின்சாரம் நின்ற இரவு, மைனஸ் எண்பது குளிர்பெட்டியின் எச்சரிக்கை ஒலி கேட்டு மின்பணியாளரை எழுப்பிய காவலருக்கும், நனைந்தபடி வந்து ஜெனரேட்டரை ஓடவைத்த மின்பணியாளருக்கும், எங்கள் துறை முழுவதும் கடன்பட்டிருக்கிறது. எல்லாருடைய பாக்டீரியா மாதிரிகளும் அந்த ஒரே பெட்டிக்குள்தான் இருந்தன.

உதவித்தொகை வரத் தாமதமான மாதங்களில் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு சாப்பாடு போட்ட உணவக உரிமையாளரை விட்டுவிட முடியாது. கேம்பிரிட்ஜில் 1962இல் திறக்கப்பட்ட மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில், அதன் தலைவர் மாக்ஸ் பெருட்சின் மனைவி கிசேலா உணவகத்தைப் பல ஆண்டுகள் நடத்தினார். நோபல் பரிசு பெற்றவரும் புதிதாகச் சேர்ந்த மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து பேச அது இடம் கொடுத்தது என்பார்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இல் நோபல் பெற்றபோது பணியாற்றிக்கொண்டிருந்ததும் அந்த ஆய்வகத்தில்தான். எங்கள் உணவகத்தின் ஆடும் பெஞ்சில் அமர்ந்துதான், பெருக்க வேண்டிய டி.என்.ஏ. துண்டின் ஓரங்களில் போய் ஒட்டும் ப்ரைமர் என்னும் சிறு இழையின் இணைப்பு வெப்பநிலையை இரண்டு பாகை கூட்டிப் பார்க்குமாறு மூத்த ஆய்வாளரான அக்கா சொன்னார். மறுநாளே தேவையற்ற பட்டைகள் மறைந்தன. அவருக்கும், என்னோடு இரவுகளில் விழித்திருந்த இளைய ஆய்வாளர்களுக்கும் என் அன்பும் நன்றியும்.

கிளிசராலில் உறையவைத்த என் பாக்டீரியா மாதிரிகளின் பட்டியலையும் விதை உறைகளையும் ஆய்வுக் குறிப்பேடுகளையும் அடுத்து வரும் மாணவியிடம் ஒப்படைத்துவிட்டேன். வாய்மொழித் தேர்வு பொது நிகழ்ச்சி. யார் வேண்டுமானாலும் வந்து அமரலாம், கேள்வியும் கேட்கலாம். நாள் குறிக்கப்பட்டதும் ஸ்டோர் வாசலில் இருக்கும் பலகையில் ஒட்டுகிறேன். அன்று முற்பகல் ஆட்டோக்ளேவ் ஓடாது என்று நெறியாளரிடம் ஒப்புதல் வாங்கிவிட்டேன். முன்வரிசையில் உங்களுக்காக நாற்காலிகள் இருக்கும். பேச்சில் பாதியைத் தமிழில் வைத்துக்கொள்ளவும் அவர் இசைந்திருக்கிறார்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் ஆய்வக மாணவன்