பதினேழாம் எண் போர்வெல்லும் உங்கள் விசாரணையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் ஆய்விதழின் பெயரை இங்கே எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். என் ஆய்வு அளவுகளைத் தன்னுடையதாக உங்கள் இதழில் போட்ட கட்டுரையாளரின் பெயரையும் எழுதவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் இன்று எழுத வைத்தது நீங்கள் என் புகாரை நடத்திய விதம்தான்.

நான் தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. எம்.ஃபில். ஆய்வுக்காக 2015 கோடையில் பென்னாகரம் பக்கம் ஊர் ஊராகப் போய் போர்வெல், அடிபம்பு, திறந்த கிணறு என்று 41 இடங்களில் தண்ணீர் பிடித்து ஃபுளோரைடு பார்த்தேன். கண்ணாடிப் புட்டியோடு ஃபுளோரைடு வினை புரியும் என்பதால் பிளாஸ்டிக் பாட்டில்கள்தான். கழுவி, எண் ஒட்டி, சாக்கில் கட்டி டவுன் பஸ்ஸில் ஏற்றுவேன். கண்டக்டர் தினமும் லக்கேஜ் கேட்பார். இந்தத் தண்ணீரை ஏன் அளக்க வேண்டும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடால் பல் பழுப்பேறிய பிள்ளைகள் இன்றும் என் வகுப்பில் இருக்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததும் இதற்காகத்தான்.

போன வருடம் உங்கள் இதழில் அரூர் பக்கத்து நிலத்தடி நீர் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அட்டவணையில் என் 41 அளவுகள், அதே வரிசையில். ஊர்ப் பெயர்கள் மட்டும் வேறு.

தற்செயலாக ஒத்துப்போயிருக்கலாம் என்றார் கட்டுரையாளர். சரி, அந்தப் பதினேழாம் மாதிரியைப் பாருங்கள். நான் அளந்த பிஹெச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், 7.2. ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யும்போது அது 2.7 ஆகிவிட்டது. கிட்டத்தட்ட வினிகர். அப்படி ஒரு போர்வெல் இருந்தால் ஊரே ஊறுகாய் போட்டிருக்கும். என் நெறியாளரும் கவனிக்கவில்லை, வைவா என்ற வாய்மொழித் தேர்வு எடுக்க வந்தவரும் கவனிக்கவில்லை. பைண்டிங் முடிந்து வந்த பிறகு நானே பார்த்து, யாரிடமும் சொல்லாமல் வெட்கப்பட்டேன். அதே 2.7 உங்கள் இதழிலும் பதினேழாம் வரியில் நிற்கிறது. உங்கள் மதிப்பாய்வாளர்களும் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

இனி நீங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதல் மின்னஞ்சலுக்கு நான்கு மாதம் பதில் இல்லை. இரண்டாவதை, என் பெயர், செல்போன் எண்ணோடு அப்படியே கட்டுரையாளருக்கு அனுப்பிவிட்டீர்கள். மறுநாள் மாலை யாரோ ஒருவர் போன் செய்தார். "நம்ம பக்கத்து ஆளுங்க, பேசி முடிச்சுக்கலாமே டீச்சர்" என்றார். குரலில் மிரட்டல் எதுவும் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்றாவதுக்கு ஒரு வரி பதில் வந்தது: எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் ஒப்புமை 9 சதவீதம்தான், 10-க்குள் இருப்பதால் பிரச்சினை இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிகளில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கு வாக்கியங்களை ஒப்பிட்டு வருவது. இங்கே எடுக்கப்பட்டது எண்கள். அதோடு, என் ஆய்வேடு இணையத்தில் ஏறவே இல்லை. ரெக்சின் அட்டையோடு துறை நூலகத்தில் இருக்கிறது. மென்பொருள் அங்கே போய் அலமாரியைத் திறந்து பார்க்குமா?

கடைசியாக வந்த யோசனைதான் என்னை உலுக்கியது. திருத்தம் வெளியிட்டு என்னையும் கட்டுரையாளர்களில் ஒருவராகச் சேர்த்துவிடலாம் என்றீர்கள். வாய்க்கால் தகராறில் ஆளுக்குப் பாதி என்று தீர்ப்பு சொல்கிற மாதிரி. பென்னாகரத்துத் தண்ணீரை அரூர்த் தண்ணீர் என்று சொல்லும் அட்டவணையின் கீழ் என் கையெழுத்தும் வேண்டுமா? குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். என் மாதிரிகளில் பல அதைத் தாண்டியவை. அந்தக் கட்டுரையை நம்பி யாராவது சுத்திகரிப்புக் கருவியை அரூர்ப் பக்கம் கொண்டுபோய் வைத்தால், அது தேவைப்படும் ஊருக்கு யார் பதில் சொல்வது?

பிரிட்டனில் 1997-இல் மருத்துவ இதழாசிரியர்கள் சேர்ந்து தொடங்கிய கோப் (COPE) என்ற வெளியீட்டு நெறி அமைப்பின் நெறிகளைப் பின்பற்றுவதாக உங்கள் முகப்புப் பக்கம் சொல்கிறது. அதன் வழிகாட்டுதலில் இந்த மாதிரிப் புகாருக்கு என்ன செய்வது என்று படிப்படியாக இருக்கிறது. கட்டுரையாளரிடம் மூலத் தரவைக் கேட்க வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால் அவருடைய நிறுவனத்துக்கு எழுதி விசாரிக்கச் சொல்ல வேண்டும். முடிவைப் புகார் செய்தவருக்குத் தெரிவிக்க வேண்டும். கட்டுரையைத் திரும்பப் பெறுவது ஆளைத் தண்டிக்க அல்ல, பதிவைச் சரிசெய்யத்தான் என்றும் அதில் தெளிவாகவே இருக்கிறது. கொரோனா காலத்தில் லான்செட் மருத்துவ இதழ் 2020 மே 22 அன்று வெளியிட்ட ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து பற்றிய கட்டுரை ஜூன் 4 அன்று திரும்பப் பெறப்பட்டது. சரிபார்க்க முழுத் தரவு கிடைக்கவில்லை என்று அதை எழுதியவர்களில் மூவரே முன்வந்து சொன்னார்கள். அவ்வளவு வேகத்தை நான் கேட்கவில்லை. மாதிரி எடுத்த தேதி, இடம், நோட்டுப் புத்தகம் ஆகியவற்றைக் காட்டச் சொல்லி ஒரு கடிதம், அதற்கு ஒரு கெடு. விசாரணை முடியும்வரை அந்தக் கட்டுரையின் மேல் ஓர் எச்சரிக்கைக் குறிப்பு. உங்கள் ஆலோசனைக் குழுவில் கட்டுரையாளரின் நெறியாளரும் இருக்கிறார். இந்த விஷயத்தில் மட்டும் அவர் ஒதுங்கியிருக்கட்டும். அப்புறம், இனி புகார் தருபவரின் செல்போன் எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள். அடுத்து எழுதப்போவது ஏதோ ஓர் ஆய்வு மாணவியாக இருக்கலாம், அவளுடைய வைவா அதே நெறியாளர் கையில் இருக்கலாம்.

அங்கீகரித்த ஆய்விதழ்களின் கேர் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. நல்ல இதழ் எது என்று இனி கல்லூரிகளே முடிவு செய்ய வேண்டும். உங்கள் இதழைப் பற்றி என்னிடம் கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்ல?

என் களக் குறிப்பேடு பத்திரமாக இருக்கிறது. எந்தச் சனிக்கிழமையும் வரலாம். பதினேழாம் எண் போர்வெல்லில் இன்னமும் தண்ணீர் வருகிறது, நானே அழைத்துப்போகிறேன். பிஹெச் மீட்டரை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள். எங்கள் பள்ளியில் இருப்பது பழுதாகி ஒரு வருடம் ஆகிறது.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை ஒருவர்,
தருமபுரி மாவட்டம்