பூனையை விரட்டாதே, பாயை வெயிலில் போடு

அன்புள்ள சாந்தி,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்கு எத்தனை திட்டு வேண்டுமானாலும் திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இங்கே வேறு விசேஷம் இல்லை. உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்ததும் மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். பாப்பா தலையில் பேன், மாமியார் காலெல்லாம் தடிப்பு, அதனால் பூனையைச் சாக்கில் போட்டு மார்க்கெட் பக்கம் விட்டுவிடலாமா என்று கேட்கிறாயே, நீயெல்லாம் விலங்கியல் படித்தவளா? நம் கரப்பான்பூச்சி மேடத்துக்குத் தெரிந்தால் உன் ரெக்கார்டு நோட்டை இன்னொரு முறை கிழிப்பார்.

பாப்பா தலையில் இருப்பது மனுஷப் பேன். மாமியார் காலில் இருப்பது தெள்ளுக்கடி. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே கிடையாது.

பூனைக்கென்று இருப்பது ஒரே ஒரு வகைப் பேன். அது ரத்தம்கூடக் குடிக்காது, தோல் செதிலையும் ரோமத்தையும் கொறித்துப் பிழைப்பது. நம் தலைப்பேனின் கால் கொக்கி மனுஷ முடியின் பருமனுக்கு அமைந்தது. பூனை ரோமத்தில் அதற்குப் பிடியும் இல்லை, பூனை ரத்தத்தில் பிழைப்பும் இல்லை. தலையை விட்டு இறங்கினால் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். பாப்பாவுக்கு ஏறியது வகுப்பில் தலையோடு தலை ஒட்டி உட்காரும் இன்னொரு பிள்ளையிடமிருந்துதான். மொட்டையெல்லாம் வேண்டாம். தலையை நனைத்துக் கண்டிஷனரைத் தாராளமாகத் தடவு, வகிடு வகிடாகப் பிரித்து வேரிலிருந்து நுனிவரை பேன் சீப்பால் இழு, ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடை. மூன்று நாளுக்கு ஒரு முறை, குறைந்தது இரண்டு வாரம். ஈர் பொரிய ஏழு முதல் பத்து நாள், பொரிந்த குஞ்சு வளர்ந்து மறுபடி ஈர் வைக்க ஏறக்குறைய இன்னும் அவ்வளவு நாள். அதற்குள் வாரிவிட்டால் வம்சம் அறுந்தது. உன் தலை, உன் வீட்டுக்காரர் தலை, மாமியார் தலை எல்லாவற்றையும் அதே நாளில் பார்த்துவிடு. மண்ணெண்ணெய் பேச்சை யாராவது எடுத்தால் வாயை அடை. தோலும் பொத்துப்போகும், தீப்பிடிக்கிற ஆபத்தும் உண்டு.

இப்போது தெள்ளு. இதில் பூனைமேல் குற்றம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். நாய், பூனை இரண்டின் மேலும் வாழும். பசித்தால் நம்மையும் கடிக்கும். ஆனால் நம் உடம்பில் குடியிருக்காது, கடித்துவிட்டுத் தாவிவிடும். தரையிலிருந்து தாவுவதால்தான் கணுக்காலிலும் முழங்காலுக்குக் கீழேயும் கொத்துக் கொத்தாகத் தடிப்பு. சந்தேகமாக இருந்தால் பூனையின் வாலடியைப் பேன் சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகளை ஈர வெள்ளைத் தாளில் தட்டிப் பார். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகச் சாயம் ஊறினால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். வெறும் மண்ணென்றால் மண்ணாகவே கிடக்கும்.

பூனைமேல் நீ பார்ப்பது நூற்றில் ஐந்துதான். மிச்சமெல்லாம் முட்டையாக, புழுவாக, கூடாக உன் வீட்டுத் தரையில் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளைக்கு நாற்பது, ஐம்பது முட்டை போடும். அவை ரோமத்தில் ஒட்டாமல் பூனை படுக்கிற இடத்திலெல்லாம் உதிரும். புழு வெளிச்சத்துக்குப் பயந்து பாயடியிலும் கட்டில் காலடியிலும் தரை இடுக்கிலும் ஒளியும். கூட்டுக்குள் போனதை எந்த மருந்தும் எளிதில் தொடாது. மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வும் உடம்புச் சூடும் பட்டதும் வெளியே வரும். பூனையை இன்று விரட்டினால் நாளை அத்தனைக்கும் சாப்பாடு உன் மாமியார்தான்!

ஆகவே பாய், ஜமக்காளம், கால்மிதி, பூனைத்துணி எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி மொட்டைமாடி வெயிலில் காயப்போடு. வாக்குவம் இருந்தால் கட்டிலடிவரை தினமும் இழுத்து, தூசியை உடனே வெளியே கொண்டுபோய்க் கொட்டு. பூனைக்குக் கழுத்தில் விடும் ஃபிப்ரோனில் சொட்டுமருந்தைப் பூனைக்கென்றே கேட்டு வாங்கு. பிடரிக்குக் கீழே, நக்க எட்டாத இடத்தில், ரோமத்தைப் பிளந்து தோல் தெரிந்த பிறகு விடு. ரோமத்தின் மேல் விட்டால் காசுதான் வீண். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டாதே. மாதம் ஒன்றாக மூன்று மாதம் போடு. நடுவில் புதிதாகத் தெள்ளு தென்பட்டால் மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதே, அவை கூட்டிலிருந்து இப்போதுதான் வந்தவை.

சாந்தி, இனி எழுதுவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. பாப்பாவுக்கு வாங்கிய பேன் லோஷனில் மிச்சத்தைப் பூனைக்குத் தடவலாம் என்று மாமியார் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அது பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து. மனுஷருக்கு ஆகும், நாய்க்கும் ஆகும். பூனையின் ஈரலுக்கு அதை உடைக்கத் தெரியாது. நாய்க்கான சொட்டுமருந்தில் அது பல மடங்கு அடர்த்தி, ஒரு நாய் டோஸே பூனையைக் கொன்றுவிடும். தெரியாமல் தடவிவிட்டால் காது துடிக்கும், உடம்பு நடுங்கும், எச்சில் வடியும், பிறகு வலிப்பு. வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் போட்டுக் கழுவி, அந்த நிமிஷமே டாக்டரிடம் ஓடு, நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்காதே. பூனைத்துணியில் அந்துருண்டை வைப்பதும் அதே மாதிரி விஷம்.

பாப்பா தெள்ளை நசுக்கிய கையோடு சாப்பிட விடாதே. தெள்ளுக்குள் நாடாப்புழுவின் குஞ்சு இருக்கலாம், விழுங்கினால் பிள்ளைக்கும் வரும். பூனையின் ஆசனவாயில் அரிசி மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் அதுதான். டாக்டரிடம் எடை பார்த்து பிராசிகுவாண்டல் என்ற புழு மாத்திரை கொடுக்கச் சொல். தெள்ளு ஒழியாமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் புழு திரும்பி வரும். பூனை பிராண்டினாலோ கடித்தாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடி ஊசிக்கு அன்றைக்கே போய்விடு, வீட்டுப் பூனைதானே என்று விடாதே.

மாட்டு டாக்டர் இவளுக்குப் பூனையைப் பற்றி என்ன தெரியும் என்று உன் வீட்டுக்காரர் வழக்கம்போல ஆரம்பிப்பார். ஈரத்தாளை அவரையே பிடிக்கச் சொல்.

ஜோதிக்கு ஒரு வரி எழுது. அவளுக்குக் கோபம் உன்மேல்தான், என்மேல் இல்லை.

உன்,
வசந்தா