எட்டாயிரம் பவுண்டு முப்பத்திரண்டாயிரம் ஆன கதை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாள்.

"லா படிக்கிற எனக்கு கோடிங் எதுக்குப்பா? அதையும் இப்போ ஏஐயே எழுதிடுதே" என்று போனில் கேட்டாய். நியாயமான கேள்விதான். இரண்டு வார்த்தையில் முடிகிற பதில் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். நல்ல வேலை கிடைக்கும், சம்பளம் வரும் என்று ஊரில் எல்லோரும் சொல்கிற காரணத்தை நான் சொல்லப்போவதில்லை. நீ வக்கீலாகத்தான் ஆக வேண்டும். வக்கீலாக ஆகப்போவதால்தான் இதைப் படி என்கிறேன்.

பிரிட்டனில் தபால் துறையில் நடந்ததைக் கேள். அங்கே சின்ன ஊர்களில் போஸ்ட் ஆபீஸ் நடத்துகிறவர்கள் நம்மைப் போல அரசு ஊழியர்கள் இல்லை. கடை வைத்திருப்பவர்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, கடைக்குள்ளேயே ஒரு கவுண்டரை நடத்துவார்கள். கணக்கில் துண்டு விழுந்தால் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்ட வேண்டும். 1999-இலிருந்து அவர்களுக்கு ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கொடுத்தார்கள். நடத்தியது புஜிட்சு நிறுவனம். அதற்கப்புறம் பல கவுண்டர்களில், கணக்கு முடிக்கும் நேரத்தில் காரணமே தெரியாமல் பணம் குறைய ஆரம்பித்தது. உதவி கேட்டு போன் செய்தவர்களிடம், உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். நகையை விற்று, வீட்டை அடமானம் வைத்துக் கட்டியவர்கள் உண்டு. கட்ட முடியாதவர்கள் மேல் திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்கு.

2015 வரைக்குமான அந்த வருடங்களில் 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதில் இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர். 2010 நவம்பரில் அவரைச் சிறைக்கு அனுப்பியபோது வயிற்றில் பிள்ளை. சில்லறைகூடப் பிசகாமல் பணப்பெட்டியை எண்ணி மூடுகிற வேலையை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவன் நான். அந்த கவுண்டர்களில் உட்கார்ந்திருந்தவர்களின் நிலையை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இனி கோடிங் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்று ஒரு சின்ன ஊர். 2015-இல் அங்கே போஸ்ட் ஆபீஸ் நடத்திய அம்மா, பக்கத்துக் கிளைக்கு எட்டாயிரம் பவுண்டு ரொக்கம் கொண்டுபோயிருக்கிறார். பணப்பையில் உள்ள பார்கோடைக் காட்டி, வந்து சேர்ந்தது என்று திரையில் ஒரு முறை எண்டர் தட்ட வேண்டும். தட்டினார். திரை அப்படியே நின்றது. நீயாக இருந்தாலும் நானாக இருந்தாலும் என்ன செய்வோம்? மறுபடி தட்டுவோம். அவரும் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் ஹொரைசன் உள்ளே ஒரு எட்டாயிரத்தை வரவு வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான்கு தடவை. கையில் இருப்பது எட்டாயிரம், கணக்குப்படி இருக்க வேண்டியது முப்பத்திரண்டாயிரம். ஒரு நொடியில் இருபத்துநாலாயிரம் பவுண்டு பாக்கி.

நான் நம் தபால் துறை டிவிஷனில் சிஸ்டம் அட்மினாக இருந்தபோது மேக்தூத், சஞ்சய் போஸ்ட் என்ற இரண்டு தபால் மென்பொருளையும் கவனித்துக்கொண்டவன். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் அப்போது கற்றதுதான். அதனால் இதைப் படித்தவுடன் கோளாறு எந்த இடத்தில் என்று மனதில் பட்டுவிட்டது. வரவு வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி வேண்டும்: இந்தப் பை எண் ஏற்கெனவே வரவில் இருக்கிறதா? இருந்தால் நிறுத்து, இல்லையென்றால் கூட்டு. கோடில் அது ஒரு இஃப். பைத்தான் என்ற ப்ரோக்ராம் மொழியில் எழுதினால் இரண்டு மூன்று வரி. அந்தச் சோதனை அந்த நேரத்தில் அந்த இடத்தில் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள பொறியியல் பட்டம் தேவையில்லை. ஆனால் இஃப் என்றால் என்ன, ஒரே கட்டளை நான்கு முறை ஓடினால் உள்ளே என்ன ஆகும் என்று ஒரு தடவையாவது கையால் எழுதிப் பார்த்திருக்க வேண்டும். எழுதிப் பார்த்த வக்கீலுக்கு அடுத்த கேள்வி தானாக வரும்: அந்த நாளில் சிஸ்டம் தானாக எழுதிவைத்த பதிவு, அதாவது லாக், எங்கே? எந்த நொடியில் எத்தனை பதிவு விழுந்தது? இதே கோளாறு வேறு கிளையில் வந்திருக்கிறதா? புஜிட்சுவிடம் தெரிந்த பிழைகளின் பட்டியலே இருந்தது. அந்தப் பட்டியல் முழுசாகக் கிடைத்திருந்தால் எத்தனையோ பேர் சிறைக்குப் போயிருக்க மாட்டார்கள்.

சட்டப்பக்கத்தையும் பார். இங்கிலாந்தில் 1984-ஆம் வருடச் சட்டத்தின் 69-ஆம் பிரிவுப்படி, கம்ப்யூட்டர் தரும் ஆவணத்தைச் சாட்சியாக வைப்பவர்தான் அந்த இயந்திரம் சரியாக ஓடியது என்று காட்ட வேண்டும். 1999-இல் கொண்டுவந்த ஒரு சட்டம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. அதன் பிறகு இயந்திரம் சரி என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். தப்பு என்று சொல்பவர்தான் அதற்கு அடையாளம் காட்ட வேண்டும். ஹொரைசன் கவுண்டர்களுக்கு வந்த அதே காலம். மளிகைக்கடைக்காரர் எதைக் காட்டுவார்? போஸ்ட் ஆபீஸ் நடத்தியிருந்த ஆலன் பேட்ஸ் என்பவர் முன்னால் நின்று, 555 பேரைச் சேர்த்து வழக்காடி, 2019 டிசம்பரில்தான் ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனை ரத்தானது. வயிற்றுப்பிள்ளையோடு சிறைக்குப் போன அந்தப் பெண்ணும் அதில் ஒருவர். மற்றவர்களில் பெரும்பாலோரின் தண்டனையை ரத்து செய்ய 2024 மே மாதம் பாராளுமன்றமே தனிச்சட்டம் போட வேண்டி வந்தது.

நம் ஊரில் என்ன நிலை என்று என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். கம்ப்யூட்டர் ஆவணத்தைச் சாட்சியாக வைக்க, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு. அந்தச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பு எழுத வேண்டும். ஃபைலில் உள்ளதை வைத்துக் கணக்கிடும், கைரேகை மாதிரியான ஒரு குறி அது. அதைக் கணக்கிடும் முறைகளில் ஒன்று எஸ்ஹெச்ஏ256. நீ அதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருப்பாய். ஒரு டெக்ஸ்ட் ஃபைலை எடுத்து நீயே அந்த முறையில் ஹாஷ் போட்டுப் பார்த்திருக்கிறாயா? 64 எழுத்து வரும். ஃபைலில் ஒரு கமாவை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி போடு. அடையாளமே தெரியாமல் வேறு 64 எழுத்து. ஃபைலை யாரும் பிறகு கைவைக்கவில்லை என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் முதலில் அந்த ஃபைலில் விழுந்த எண் சரியா என்று ஹாஷ் சொல்லாது. டால்மெலிங்டனின் முப்பத்திரண்டாயிரத்துக்கும் அழகாக ஒரு ஹாஷ் போட்டுவிடலாம். இந்த வித்தியாசத்தை நீதிபதிக்கு நிதானமாக விளக்கிச் சொல்லத் தெரிந்தவளாக நீ வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஏஐ எழுதுகிறது என்றாய். எழுதட்டும், நீயும் பயன்படுத்து. ஆனால் பணப்பை வரவு வைக்க ஒரு ப்ரோக்ராம் எழுது என்று அதனிடம் கேட்டால், பார்க்க நன்றாக, ஓடுகிற ஒன்றைக் கொடுக்கும். ஒரே பை இரண்டு தடவை வந்தால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டியவள் நீ. அப்படிக் கேட்கத் தோன்றுவதற்கு கோடைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஏஐ எழுதும் கோடு பெருகப் பெருக, யாரும் வரி வரியாகப் படிக்காமலே கோடு வேலைக்குப் போய்ச் சேரும். உன் கட்சிக்காரர்கள் யாராக இருப்பார்கள் என்று யோசித்துப் பார். ரேஷன் கடையில் கைரேகை விழாமல் திரும்பிய பாட்டி, பட்டியலில் பெயர் இல்லை என்று பென்ஷன் நின்றுபோனவர், காரணம் சொல்லாமல் கடன் மறுக்கப்பட்டவர். "சிஸ்டம்ல அப்படித்தான் வருது" என்ற பதிலோடுதான் அவர்கள் உன்னிடம் வருவார்கள். அந்தப் பதிலை எப்படித் திறந்து பார்ப்பது என்று நீ தெரிந்துவைத்திருக்க வேண்டும், கண்ணு.

பயப்படுகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஆப் எல்லாம் செய்ய வேண்டாம். பைத்தான் இலவசம், உன் பழைய லேப்டாப்பே போதும். முதலில் 0.1 + 0.2 என்று அடித்துப் பார். 0.30000000000000004 என்று வரும். பத்தில் ஒன்றை, கம்ப்யூட்டர் பயன்படுத்தும் 0, 1 மட்டுமே உள்ள பைனரியில் முழுசாக எழுத முடியாது, அதனால் வருகிற மிச்சம் அது. பணக்கணக்கு எழுதுகிறவர்கள் ரூபாயை இப்படித் தசமத்தில் வைக்காமல் பைசாவாக முழு எண்ணில் வைப்பது இதனால்தான். அப்புறம் இஃப், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப், ஒரு பட்டியலில் தேடுவது. அதற்குப் பிறகு எஸ்க்யூஎல்லில், வேண்டிய பதிவுகளை எடுத்துக் காட்டச் சொல்லும் செலக்ட் கட்டளை எழுதுவது மட்டும். அதை வீடியோ காலில் நானே சொல்லித்தருகிறேன். செமஸ்டர் நடக்கும்போது தினமும் அரை மணி நேரம் கிடைத்தாலே அதிகம், எனக்குத் தெரியும். விட்டு விட்டுச் செய்தாலும் சரி.

முதல் வேலையாக அந்தப் பணப்பை ப்ரோக்ராமை நீயே எழுது. இஃப் இல்லாமல் ஒன்று, இஃப் வைத்து ஒன்று. இரண்டையும் நான்கு தடவை ஓட்டி, வருகிற மொத்தத்தை வாட்ஸாப்பில் அனுப்பு. எங்கேயாவது சிக்கினால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, அன்றைக்கு எனக்கு ஆபீஸ் இல்லை. மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றாயாமே, பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா