கையொப்பத்தைக் கடைசியில் பார்

அன்புள்ள யாழினிக்கு,

அப்பா எழுதுவது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பழைய நெட்சுகே, அந்தச் சின்ன ஜப்பானியச் செதுக்கு உருவம், வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். கியோட்டோவில் இருக்கிறாய், கண்ணும் நல்ல கண். வாங்கு. ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன் இதை நிதானமாகப் படித்துவிடு.

நெட்சுகே அலங்காரமாக வைக்கச் செய்ததல்ல, இடுப்பில் கட்டி உழைத்த சாமான். கிமோனோவில் பை தைப்பதில்லை. புகையிலைப் பையையும், மருந்து வைக்கும் இன்ரோ என்ற அடுக்குப் பெட்டியையும் பட்டுக் கயிற்றில் கோத்து, இடுப்பில் சுற்றிய ஒபி என்ற பட்டைத் துணிக்கு அடியில் கயிற்றை நுழைத்து மேலே இழுத்துவிடுவார்கள். கயிற்றின் மேல்முனையில் இருக்கும் நெட்சுகே ஒபியின் விளிம்பில் தங்கி, தொங்கும் பாரத்தைத் தாங்கும். இடையில் ஓடும் ஒஜிமே என்ற மணி, பெட்டி திறந்துகொள்ளாமல் இறுக்கிப் பிடிக்கும். கையில் எடுக்கும் எதையும் இந்த வேலையை இது செய்திருக்குமா என்று கேட்டுப் பார்.

அதனால் முதலில் கவிழ்த்துப் பார். அடியிலோ முதுகிலோ கயிறு போகும் இரண்டு துளைகள் இருக்கும். அதன் பெயர் ஹிமோதோஷி. பழையவற்றில் பெரும்பாலும் ஒரு துளை மற்றதைவிடப் பெரிது. முடிச்சு அதற்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். சில உருவங்களில் தனியாகத் துளை இராது, மடக்கிய காலுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள சந்தே கயிற்றுக்கு வழி. கடைக்காரரிடம் கேட்டு ஒரு நூலைக் கோத்துத் தொங்கவிடு. முகம் வெளியே பார்த்து ஒழுங்காக நிற்க வேண்டும். தலைகீழாகப் புரண்டால், மேசையில் வைக்கச் செய்த ஒகிமோனோ பொம்மையில் பின்னால் யாரோ துளை போட்டிருக்கலாம். 1868க்குப் பிறகு மேல்நாட்டு உடையும் சிகரெட்டும் வந்து நெட்சுகேக்கு வேலை குறைந்தது. வெளிநாட்டார் கேட்டு வாங்கியதால், கட்டிக்கொள்ளாமலே விற்க நிறையச் செய்தார்கள். அவற்றிலும் நல்ல வேலைப்பாடு உண்டு. ஆனால் 1868க்கு முந்தைய எடோ காலத்துச் சாமானுக்குரிய விலையைக் கொடுக்காதே.

அடுத்தது தேய்மானம். இங்கேதான் அவசரப்படாமல் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். பல வருஷம் துணியிலும் கையிலும் உராய்ந்தது மேடான இடங்களில்தான் மழுங்கும்: மூக்கு நுனி, முதுகு, முழங்கால், துளையின் விளிம்பு. பள்ளத்தில் பழைய சாயம் கறுப்பாகத் தங்கியிருக்கும், உளியின் கோடும் கூர்மையாகவே இருக்கும். போலி செய்கிறவர் முழுவதையும் ஒரே பழுப்பில் முக்கி எடுப்பார், அல்லது விரலே போகாத இடத்தையும் தேய்த்து வைப்பார். பத்து மடங்கு லென்ஸில் பள்ளத்துக்குள் பார். ஒரே அளவில் அலையலையாகக் கோடு தெரிந்தால் மோட்டார் கருவியின் வேலை. துளையின் விளிம்பு புதிதாக வெட்டியதுபோல் கூராக இருந்தாலும் சந்தேகப்படு. கால், வால், காது நீட்டிக்கொண்டிருந்தால் கிமோனோவின் கையில் மாட்டி ஒடிந்திருக்கும். அதனால்தான் நல்ல கலைஞர்கள் விலங்கைச் சுருட்டி, உருண்டையாகவே செய்தார்கள். பெரும்பாலும் 3 முதல் 5 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

பொருள் எது என்று பார்க்கச் சூடான ஊசியால் குத்துகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதே. நல்ல துண்டில் தழும்பு விழும், செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக் என்றால் தீப்பிடிக்கும். லென்ஸே போதும். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் கோடுகள் தெரியும். தந்தத்தின் வெளிப்புறத்தை ஒட்டிய பகுதியில் அவற்றின் கோணம் 115 டிகிரிக்கு மேல் இருந்தால் யானை, 90க்குக் கீழே என்றால் அழிந்துபோன மாமத் யானை. எலும்பில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் இருக்கும். பிசினில் வார்த்ததில் காற்றுக் குமிழும் அச்சுச் சேர்ந்த தடமும் இருக்கும்.

தந்தம் மட்டும் வேண்டாம் யாழினி. இதில் அப்பா பிடிவாதமாகத்தான் சொல்கிறேன். ஜப்பானிலிருந்து வெளியே எடுக்க அழியும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் அனுமதி வேண்டும். இங்கே இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1986இலும் 1991இலும் வந்த திருத்தங்கள் இந்தியத் தந்தம், ஆப்பிரிக்கத் தந்தம் இரண்டின் வியாபாரத்தையும் மூடிவிட்டன. நூறு வருஷப் பழசு என்று கடைக்காரர் சொன்ன வார்த்தை விமான நிலையத்தில் செல்லாது. வால்ரஸ் என்ற கடல் விலங்கோ திமிங்கிலமோ, பல் என்றாலே வேண்டாம். மான் கொம்பும் வேண்டாம். ட்சுகே என்ற பாக்ஸ்வுட் மரத்தில் செய்ததைத் தேடு. இழை நெருக்கமான மரம், மீசை மயிரைக்கூடச் செதுக்கலாம், கைபட்டுக் கைபட்டுத் தேன் நிறத்துக்கு வரும். ஜப்பானின் ஹிடா பக்கத்தில் இச்சிஈ என்ற யூ மரத்தில் செதுக்குவார்கள், அங்கே சுகேநாகா என்ற கலைஞரின் பெயர் பெரிது.

செதுக்கியவரின் கையொப்பத்தைக் கடைசியில் பார். 1781இல் ஒசாகாவில் வெளிவந்த ‘சோகென் கிஷோ’ என்ற புத்தகத்திலேயே, கியோட்டோக் கலைஞர் தொமொதாதா செதுக்கிய மாடுகளுக்குப் போலிகள் பெருகிவிட்டன என்று எழுதியிருக்கிறது. மசநாவோ என்ற பெயரையும் எடுத்துக்கொள். 18ஆம் நூற்றாண்டுக் கியோட்டோ மசநாவோ வேறு. தேரையும் எலியும் மரத்தில் செதுக்கிய இசே யமதா ஊர் மசநாவோக்கள் வேறு, அந்தப் பெயர் அங்கே தலைமுறை தலைமுறையாக வந்தது. பெயருக்கு விலை கேட்டால் எந்த மசநாவோ என்று கேள். எழுத்துப் பள்ளத்திலும் மற்றப் பள்ளங்களைப் போலவே சாயம் படிந்திருக்கிறதா பார். பழைய மேற்பரப்பில் எழுத்து மட்டும் புதுசாக இருந்தால் பின்னால் வெட்டியது. ஒப்பமே இல்லாத நல்ல நெட்சுகேக்கள் எத்தனையோ. ஒசாகாவின் ஷூசான் தன் வண்ணம் பூசிய உருவங்களில் கையொப்பமே இடவில்லை.

கியோட்டோவின் மீபு பகுதியில் பழைய சாமுராய் வீட்டில் இருக்கும் செய்ஷூ நெட்சுகே அருங்காட்சியகத்துக்கு முதலில் இரண்டு தடவை போய் வா. அங்கே பெரும்பாலும் இக்காலக் கலைஞர்களின் வேலைதான், ஆனால் கை நேர்த்தி என்றால் என்ன என்று கண்ணுக்குப் பழகும். 21ஆம் தேதி தோஜி கோயில் சந்தைக்குப் போனால் காலை வெளிச்சத்தில் பார், கடை விளக்கின் மஞ்சளை நம்பாதே.

வாங்கியபின் தண்ணீர் காட்டாதே, எண்ணெய் தடவாதே. உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும். விளக்குப் போட்ட கண்ணாடி அலமாரி உள்ளே காய்ந்து மரத்தைப் பிளக்கும். வைத்தே ஆக வேண்டுமென்றால் விளக்கை அணைத்துவிட்டு, ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வை. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் வேண்டவே வேண்டாம். சுத்தமான கையால் அடிக்கடி எடுத்துப் பார், அதனால் கெடாது.

பிடித்த துண்டு கிடைத்தால் உடனே முடிவு சொல்லாமல் எனக்குப் படம் அனுப்பு: முன், பின், இரண்டு பக்கம், அடி, துளை மட்டும் கிட்டத்தில் ஒன்று, கையொப்பம் ஒன்று. பக்கத்தில் ஒரு அளவுகோலும் இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா