ஸ்டேன் சாமிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஜூலை 5 அன்று நாங்கள் நடத்திய அருட்தந்தை ஸ்டேன் சாமி நினைவேந்தல் கூட்டம் முடிந்து மூன்று நாளாகிறது. ஜார்க்கண்ட் பழங்குடி மக்களுக்காக உழைத்து, 2021 ஜூலை 5 அன்று விசாரணைக் கைதியாகவே இறந்த பாதிரியார் அவர். வாடகை நாற்காலிகளைத் திருப்பி அனுப்பியாயிற்று, கணக்கும் முடித்தாயிற்று. நன்றி சொல்வதுதான் பாக்கி. யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். எங்கள் கூட்டத்துக்கு உதவியவர்களுக்கு முன்னால், அவருடைய கடைசி மாதங்களில் அவருக்கே உதவியவர்களின் பெயர்கள்தான் மனதில் வந்து நின்றன. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் அவரைக் கைது செய்தார்கள். மகாராஷ்டிராவின் பீமா கோரேகானில் 2018-இல் நடந்த வன்முறையை ஒட்டிப் போட்ட வழக்கு, பிணை கிடைப்பதே அரிதான ஊபா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். அப்போது அவருக்கு வயது 83. நடுக்குவாதம் முற்றியிருந்தது, காதும் சரியாகக் கேட்காது. நவி மும்பையின் தலோஜா சிறையில் அடைத்தார்கள். அங்கிருந்து நண்பர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏறக்குறைய 13 அடிக்கு 8 அடி அறை, கூட இரண்டு கைதிகள். காலை உணவும் மதிய உணவும் சாப்பிட அருண் உதவுகிறார், குளிக்க வெர்னன் உதவுகிறார், இரவுச் சாப்பாட்டுக்கு உதவுவதும் துணி துவைப்பதும் முழங்காலைப் பிடித்துவிடுவதும் அறையில் இருக்கும் அந்த இரண்டு பேர் என்று எழுதியிருந்தார். அந்த இருவரும் மிகவும் ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், அவர்களையும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்டிருந்தார்.

கூட்டத்தில் இந்தக் கடிதத்தை வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தன்னைப் பற்றி நாலு வரி எழுத வேண்டிய இடத்தில் மற்றவர்களுக்காகக் கேட்கிறார். அவர் எழுதியதே ஒரு நன்றி மடல்தான். அதைத்தான் நான் இப்போது நீட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அருண் ஃபெரேரா அவர்களே, வெர்னன் கோன்சால்வ்ஸ் அவர்களே, நீங்களும் அதே வழக்கில் அடைபட்டிருந்தவர்கள். ஏறத்தாழ ஐந்து ஆண்டு உள்ளே இருந்த பிறகு 2023 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் உங்களுக்குப் பிணை கொடுத்தது. உங்கள் கவலையே உங்களுக்கு மலையளவு இருந்திருக்கும். அதற்கு நடுவில் ஒரு முதியவருக்குச் சாப்பாடு ஊட்டினீர்கள், குளிப்பாட்டினீர்கள். பெற்ற பிள்ளைகள் செய்கிற வேலை அது. உங்களுக்கு எங்கள் வணக்கம்.

அறையில் இருந்த அந்த இருவரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. என்ன வழக்கு, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதும் தெரியாது. இந்தத் தமிழ் எழுத்து உங்களிடம் வந்து சேராது என்றும் தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த எங்கள் மனிதர் ஒருவரின் வலித்த முழங்காலை நீங்கள் பிடித்துவிட்டீர்கள். நன்றி, ஐயா.

அப்புறம் அந்தக் குவளை. நடுக்குவாதக்காரர்களுக்குத் தம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாது, உதட்டுக்குப் போவதற்குள் சிந்திவிடும். உறிஞ்சிக் குடிக்கிற மூடிபோட்ட குவளையும் ஸ்ட்ராவும் வேண்டும் என்று அவர் நவம்பர் 6 அன்று நீதிமன்றத்தில் மனு போட்டார். பதில் சொல்ல, அவரைக் கைது செய்த தேசியப் புலனாய்வு முகமைக்கு 20 நாள் கிடைத்தது. எங்களிடம் அப்படி எதுவும் இல்லை என்பது நவம்பர் 26 அன்று வந்த பதில். ஒரு குவளைக்கு 20 நாள்! அந்த நாட்களில் முன்பின் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் தலோஜா சிறை முகவரிக்குக் குவளையும் ஸ்ட்ராவும் வாங்கி அனுப்பினார்கள். அனுப்பிய ஒவ்வொருவருக்கும் நன்றி.

எங்கள் கூட்டத்திலும் ஒரு குவளை இருந்தது. வந்திருந்த ஒரு அம்மா பையிலிருந்து எடுத்து, படத்துக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தார். நீல நிற மூடி, பக்கத்துக்கு ஒரு கைப்பிடி. அவருடைய கணவருக்கும் இதே நோயாம், இப்போது அவர் இல்லை. மைக்கில் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பிறகு பக்கத்தில் இருந்தவர்களிடம் மெதுவாகச் சொன்னார்: முழுக்க ஊற்றக் கூடாது, பாதிதான் ஊற்ற வேண்டும், டீயை நன்றாக ஆற்ற வேண்டும், அவர் குடித்து முடிக்கிறவரை நாம் குவளையின் அடியில் கை வைத்திருக்க வேண்டும். எல்லா உரைகளையும்விட இதுதான் எனக்கு நினைவில் நிற்கிறது.

ஸ்டேன் சாமி யாருக்காக உழைத்தார் என்று வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கேட்டார்கள். சுருக்கமாகச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். 1957-இல் இயேசு சபையில் சேர்ந்தார். ஜார்க்கண்டின் சாய்பாசா பக்கம் பழங்குடி மாணவர்களுக்கு ஆசிரியராக இருந்தபோது, வெளியூர் வியாபாரிகள் வாரச்சந்தையில் அவர்களுடைய பெற்றோரை எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று நேரில் பார்த்தார். மணிலாவில் சமூகவியல் படித்தார். 1975 முதல் பத்தாண்டுக்கு மேல் பெங்களூரு இந்திய சமூக நிறுவனத்தின் இயக்குநர். அந்தப் பதவியோடு நின்றிருக்கலாம். மறுபடி ஜார்க்கண்டுக்கே போனார். ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் 2006-இல் ‘பகைச்சா’ என்ற மையத்தை உருவாக்கினார். தோட்டம் என்று பொருள். அங்கே ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிய பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் சிலை இருக்கிறது. நிலத்துக்காகப் போராடி உயிர்விட்டவர்களின் பெயர்களைப் பொறித்த கல்லும் இருக்கிறது.

பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிற, அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையைப் பற்றியும், கிராம சபைக்கு அதிகாரம் தருகிற 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டத்தைப் பற்றியும் அவர் ஓயாமல் பேசினார், எழுதினார். இவையெல்லாம் ஏற்கெனவே இருக்கிற சட்டங்கள். அவற்றை நடைமுறைப்படுத்துங்கள் என்பதுதான் அவர் கேட்டது. நக்சலைட்டுகள் என்று சொல்லிச் சிறையில் தள்ளப்பட்ட பழங்குடி இளைஞர்களைப் பற்றி ஓர் ஆய்வும் செய்தார். விசாரணைக் கைதிகள் 102 பேரிடம் நேரில் பேசினார்கள். குற்றச்சாட்டு பொய் என்று சொன்னவர்கள் 97 சதவீதம். விசாரணைக் கைதிகளுக்காக உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் போட்டார். கடைசியில் அவரும் விசாரணைக் கைதியாகவே செத்தார். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

வழக்கறிஞர் மிஹிர் தேசாய் அவர்களுக்கும் அவரோடு உழைத்தவர்களுக்கும் நன்றி. 2021 மே மாதம் காணொளி வழியாக நீதிபதிகளிடம் பேசிய ஸ்டேன் சாமி, ஆஸ்பத்திரி வேண்டாம், என் மக்களோடு இருக்க ராஞ்சிக்கு விடுங்கள் என்றுதான் கேட்டார். அது நடக்கவில்லை. மே 28 அன்று பாந்த்ராவின் ஹோலி ஃபேமிலி மருத்துவமனைக்கு மாற்றினார்கள். ஜூலை 5 அன்று அவருடைய பிணை மனு விசாரணைக்கு வந்தபோது, அவர் இறந்துவிட்ட செய்தியைத்தான் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஐந்து வாரமும் அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், படுக்கை விரிப்பு மாற்றியவர்கள் எல்லோருக்கும் நன்றி. ஒரு கைதியாக வந்தவரை நீங்கள் நோயாளியாகப் பார்த்தீர்கள்.

அவருக்கு எதிரான சான்றாக அவருடைய கணினியில் இருந்ததாகச் சொல்லப்பட்ட கோப்புகள் வெளியிலிருந்து ஊடுருவிப் புகுத்தப்பட்டவை என்று, கணினித் தடயங்களை ஆராயும் அமெரிக்க நிறுவனமான ஆர்சனல் கன்சல்டிங் 2022 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. இறந்தவரை விட்டுவிடாமல் அவர் பேரில் படிந்த கறையைத் துடைக்க உழைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கும் எங்கள் நன்றி சேரட்டும்.

சரி, இனி நம் கூட்டத்துக்கு வருகிறேன். அரங்கை வாடகை வாங்காமல் கொடுத்தவருக்கு, ‘பேரைச் சொல்லாதீர்கள்’ என்ற அவருடைய ஒரே நிபந்தனையை மதித்து நன்றி சொல்கிறேன். பாதியில் மின்சாரம் போனபோது செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பிகளுக்கு நன்றி, அந்த வெளிச்சத்தில்தான் கடிதத்தை வாசித்து முடித்தோம். சிறையிலிருந்து அவர் எழுதிய இன்னொரு கடிதத்தில், கூண்டுப் பறவையாலும் பாட முடியும் என்ற வரி வரும். அதைக் கரும்பலகையில் அழகாக எழுதி வைத்த பள்ளி மாணவிக்குத் தனியாக ஒரு நன்றி. இரவு ஒன்பது மணிவரை இருந்து தரையைப் பெருக்கிவிட்டுப் போன அக்காக்களுக்கும் நன்றி.

செலவு போக மீதமிருந்த தொகையை, பிணை கிடைத்தும் அதற்கான தொகையைக் கட்ட வசதியில்லாத விசாரணைக் கைதிகளுக்காக வேலை செய்யும் வழக்கறிஞர்களிடம் கொடுக்கிறோம். ரசீது வந்ததும் எல்லோருக்கும் காட்டுகிறோம்.

நீல மூடிக் குவளையை அந்த அம்மா மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மறந்தாரா, வேண்டுமென்றே வைத்தாரா தெரியவில்லை. அம்மா, கழுவித் துடைத்து வைத்திருக்கிறோம். வந்து வாங்கிக்கொள்ளுங்கள். இங்கேயே இருக்கட்டும் என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அடுத்த ஜூலை 5-க்கும் அதே இடத்தில் வைக்கிறோம்.